மெழுகில் ஒரு வலது கால்

சிறுவனாக இருந்தபோது புனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கொள்கை இருந்தது. கொடுத்த அளவுக்குத்தான் அவர்கள் தைப்பார்கள் என்பதே அது. என் அம்மா ஊரில் சட்டை தைத்துக் கொடுப்பவர். அளவைப் பிழையாகச் சொல்லிவிட்டு, சட்டை இறுக்குது என்று சண்டைக்கு வரும் பெண்களிடம், "நீங்க தந்த அளவுக்குத்தான் தைச்சிருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். எங்கள் பக்கத்துக் கோயிலின் புனித அன்னம்மாளும் அப்படித்தான் என்று நான் நம்பினேன். மெழுகில் எந்தக் காலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமோ அந்தக் காலைத்தான் குணமாக்குவாள். மற்றக் காலைப் பற்றி முறையிட்டால் கதவைச் சாத்திவிடுவாள். இந்த நம்பிக்கையால் அந்த வருடத்துத் திருநாள் தொடங்கிப் பல கிழமைகள் நான் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் தவித்தேன். சாப்பாடு என்பது கொஞ்சம் மிகை. சாப்பிட்டேன்.

கால் என் சின்ன மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மாம்புரிப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். கற்பிட்டியில் மீன் ஏற்றிக் கொழும்புக்குப் போகும் லொறியின் சாரதி. மீன் லொறிக்காரன் தெருவோடு போட்டி போடுவதில்லை, ஐஸோடு போட்டி போடுகிறான். ஐஸ் உருகினால் மீன் கருவாட்டு விலைக்குப் போகும். அதனால் எங்கள் பக்கத்துச் சாரதிகள் எல்லோருமே வேகமானவர்கள்தான். ஆனால் மாமா வேறு சாதி வேகம். ஒருநாள் முந்தல் ஊரைத் தாண்டி ஒரு வளைவில், சிலாபத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு சிங்களவரின் காரை லொறியால் முந்திவிட்டார். அந்த மனிதர் விடாமல் பின்னால் வந்து, தேநீர்க் கடையில் மாமாவைப் பிடித்தார். மாமா அடி விழப்போகிறது என்று எழுந்து நின்றாராம்.

"மல்லி, இப்பிடி வளைவு எடுக்க ஒனக்கு யாரு படிச்சுக் குடுத்தது?"

"மீன்தான், பாஸ். பிந்தினா நாறிப் போடும்."

'மல்லி' என்றால் சிங்களத்தில் தம்பி. கராஜ் வைத்திருப்பவர்களை எங்கள் ஊரில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அந்த பாஸிடம் பந்தயத்துக்கென்று கழற்றிப் பூட்டிய ஒரு பழைய கார் இருந்தது. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே வெட்டிய செம்மண் தடத்தில் அதை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாமா ஓட்டினார், வென்றார். பிறகு வெல்வதே வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் கிண்ணங்கள் வரிசைக்கு வந்தன. அம்மா அவற்றில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்தார். அந்தத் தடத்தின் கடைசியில் ஒரு பொல்லாத வளைவு உண்டு, வெளிப்பக்கம் உயரமான மண்மேடு. அங்கே வந்ததும் மற்றவர்கள் எல்லோரும் அக்ஸிலேட்டரிலிருந்து வலது காலை எடுப்பார்கள். மாமா எடுக்கமாட்டார். சனம் அந்த வளைவில் போய் நின்றதே, அவர் காலை எடுக்காததைக் காதால் கேட்பதற்குத்தான்.

ஒருமுறை மண்மேடு அவரைப் பிடித்துக்கொண்டது. கார் புரண்டு புரண்டு போய்த் தென்னை மரத்தோடு நின்றது. இடது கால் தொடையிலும் முழங்காலிலும் நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள். பல மாதம் கழித்து இரண்டு ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். நடக்கலாம் என்று டொக்டர் சொன்னார். கார்ப் பந்தயம் பற்றிக் கேட்டதற்கு, அதைப் பிறகு பார்ப்போம் என்றார். மாமாவின் காதில் அது 'ஓம், ஓடலாம்' என்று விழுந்தது.

பாஸ் ஒரு தார் வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். காரைத் திரும்பவும் கட்டி முடித்திருந்தார்.

"திருநாள் முடிஞ்சு அடுத்த பந்தயம். அதுவரைக்கும் சீட் ஒனக்குத்தான். ஏலாட்டி சொல்லு மல்லி, வெட்கமில்ல. வென்னப்புவையில ஒரு பொடியன் இருக்கான்."

"அந்தப் பொடியன் எப்பிடி, பாஸ்?"

"ஹொந்தாய், நல்லா ஓட்டுவான். ஆனா வளைவுல காலை எடுக்கிறான்."

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, வாழைப்பழத்தைக் கூடைக்குள் பொத்தென்று போட்டார்.

கிளச்சை மிதிப்பது இடது கால். அதாவது உடைந்த கால். மிதித்தால் மட்டும் போதாது, மெல்ல விடவும் வேண்டும். அதைப் பழக மாமா கண்டுபிடித்த கருவி அம்மாவின் தையல் மெஷின். மத்தியானத்தில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, இடது பாதத்தை மிதியில் வைத்துக் கழிவுத் துணியில் தைக்கத் தொடங்குவார்.

"அது காரில்லடா, என்ட சோறு" என்பார் அம்மா.

"அக்கா, பாருங்க, ரெண்டாவது கியர்."

"ஊசி முறிஞ்சா உன்ட மற்றக் காலையும் முறிப்பேன்."

முதலில் அவருடைய தையல் குடிகாரன் நடந்த மாதிரி இருந்தது. சில தையல் நீளம், சில தையல் குட்டை, நடுவில் நூல் அறுந்து ஒரு கெட்ட வார்த்தை. நாட்கள் போகப்போகக் கோடு நேரானது. கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அறிய எக்ஸ்ரே தேவைப்படவில்லை, துணியைப் பார்த்தால் போதும். ஒருநாள் யாரோ ஒருவரின் பாவாடைக் கரை முழுவதையும் மாமா அடித்து முடித்தார். அம்மா அதைப் பிரிக்காமல் மடித்து அப்படியே கொடுத்தனுப்பினார். ஆனால் அவரைப் பாராட்டவில்லை.

இந்த நிலையில்தான் அன்னம்மாள் திருநாள் வந்தது. எங்கள் பக்கத்துச் சனம் பாய், பானை, பிள்ளைகளோடு போய்க் கோயிலைச் சுற்றி ஓலைக் குடில் போட்டுத் தங்கும். கடைத் தெருவில் மெழுகு உருவங்கள் விற்பார்கள். கண் நோய்க்குக் கண், பிள்ளை கேட்பவர்களுக்குப் பிள்ளை, வள்ளக்காரர்களுக்கு வள்ளம். வாங்கிக்கொண்டுபோய் அன்னம்மாள் மாதாவின் காலடியில் வைத்து நேர்ந்துகொள்வார்கள். மாமா குடிலில் படுத்திருந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"எந்தக் கால், மகள்? இடதா, வலதா?" என்று கடைக்காரி கேட்டாள்.

"வலது" என்றார் அம்மா.

நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, மாமாட இடது கால்!"

"வாயைப் பொத்திக்கொண்டு வா."

இதில் எனக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை. அம்மா என்னிடம் சொன்னதில் பாதி இதே வசனம்தான். தவிர, அம்மாவுக்கு இடம் வலம் குழம்பும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு வழி கேட்டு வந்த ஒரு வான் நிறையச் சனத்தை இறால் பண்ணைக்கு அனுப்பி வைத்தவர். கட்டிலுக்கு எதிரே நின்று மாமாவைப் பார்த்ததால் பக்கம் மாறியிருக்கும் என்று நான் கண்டுபிடித்தேன். பிறகு ஒரு நம்பிக்கை வந்தது. மாதாவின் சிலையும் எங்களை எதிர்த்துத்தானே நிற்கிறது? அவளுக்கும் பக்கம் மாறினால் எல்லாம் சரிவருமே? கடற்கரையில் போய் நின்று, நானே அம்மாவாகவும் மாமாவாகவும் மாதாவாகவும் மாறிமாறித் திரும்பிப் பார்த்தேன். தலை சுற்றி மணலில் விழுந்ததுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் பெருவிரல் பிழையான பக்கத்திலேயே வந்தது.

நேரே கோயிலுக்கு ஓடினேன். குவியலுக்குள் எங்கள் காலைக் கண்டுபிடித்துத் திருப்பிப் பார்த்தேன். குப்புற வைத்தேன், தலைகீழாக நிறுத்தினேன். வலது காலை எப்படித் திருப்பினாலும் அது வலது காலாகவே இருக்கும் என்ற வாழ்க்கைப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, மெழுகுக்குக் காவலிருந்த கிழவர் என் காதைப் பிடித்தார்.

"கால் களவெடுக்க வந்தியா?"

"இல்ல ஐயா, மாத்த வந்தேன்."

"மாத்துறதுக்கு இது என்ன, செருப்புக் கடையா?"

காதோடு சேர்த்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு என் பயம் முற்றியது. மாமா நடக்கும்போது நான் அவருடைய வலது காலை உளவு பார்த்தேன். அது பெருத்துக்கொண்டு வந்தது! உடம்பின் பாரம் முழுவதையும் சுமந்த கால் பெருக்காமல் என்ன செய்யும் என்று இன்று கேட்கலாம். அன்று எனக்கு அது மாதாவின் புதுமையாகத்தான் தெரிந்தது, பிழையான விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்த அற்புதம். பின்னேரச் செபமாலையில் எல்லோரும் "மாமாவுக்காக" என்று வேண்டும்போது, நான் கடைசியில் "இடது" என்று சேர்த்துக்கொண்டேன்.

"என்னடா இடது?" என்றார் அப்பா.

"தடிமன்" என்றேன். மூக்கை உறிஞ்சியும் காட்டினேன். அதற்குக் கொத்தமல்லிக் கசாயம் கிடைத்தது. மாமாவின் காலுக்காக நான் பட்ட பாடு அன்று ஒருவருக்கும் தெரியாது.

மாமா ஒரு ஊன்றுகோலை விட்டார், பிறகு மற்றதையும் விட்டார். லொறியைத் தென்னந்தோட்டத்துக்குள் மெல்ல ஓட்டினார். பாஸோடு போய்க் காரையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் எங்கள் எல்லோருடைய மீனிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சந்தோசமாக இருந்து வெகுநாளாகியிருந்தது.

பந்தயத்தன்று அப்பா கடலுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் அந்தக் கடைசி வளைவில், கயிற்றுக்கு வெளியே நின்றோம். கொடி விழுந்ததும் மாமாவின் கார் எல்லோருக்கும் முதலாகத் தாவியது. கொஞ்சமும் உதறல் இல்லை, பாவாடைக் கரை மாதிரி நேரே வந்தது. சனம் கத்தியது. நான் அன்னம்மாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கார் வளைவுக்கு வந்தது. மண்மேட்டுக்கு முன்னால் அதன் சத்தம் சட்டென்று தணிந்தது. வளைந்த பிறகுதான் திரும்ப எழும்பியது. இரண்டு கார்கள் உட்பக்கத்தால் முந்திக்கொண்டு போயின. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே தணிவு. அதற்கடுத்த சுற்றிலும் அப்படித்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்லி உச்சுக் கொட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இடது கால்! இடது கால்!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். கண்ணை மட்டும் காரிலிருந்து எடுக்கவில்லை.

மாமா கடைசிக்கு முந்தியவராக வந்தார். காரிலிருந்து இறங்கி, ஊன்றுகோல் இல்லாமல், நொண்டாமல் நடந்து வந்தார். அதைப் பார்த்த எவரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள். பாஸ் காரின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"கார் ஹொந்தாய், மல்லி. கிளச் கால் ஹொந்தாய்."

"ஓம், பாஸ்."

"அடுத்த முறை?"

மாமா தலைக்கவசத்தைக் கழற்றிக் காரின் சீட்டில் வைத்தார். "வென்னப்புவைப் பொடியன வரச்சொல்லுங்க."

பாஸ் மாமாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. மாமா மீதியைக் குடித்தார். மாதா பிழையான காலைக் குணமாக்கியதால்தான் இவ்வளவும் நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். வரும் வழியெல்லாம் அழுதேன். பஸ்ஸில் யாரோ எனக்கு வயிற்று வலி என்று நினைத்துச் சோடா வாங்கித் தந்தார்கள்.

கலியாணம் முடித்து, தலைமுடியும் கொட்டத் தொடங்கிய பிறகுதான் இதை ஒரு பகிடிக் கதையாக வெளியே விட்டேன். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அம்மாவின் இடம் வலக் குழப்பத்தையும், நான் மெழுகுக் காலைத் திருப்பித் திருப்பி வைத்ததையும் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"நான் பிழையா வாங்கல்ல. உடைஞ்ச காலுக்கு டொக்டர் இருந்தார். அந்த வலது காலுக்குத்தான் ஒருத்தரும் இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"வளைவு வந்தா அந்தக் காலைக் கொஞ்சம் எடுக்க வை தாயே எண்டு கேட்டேன். அவன்ட ஆசைக்கு எதிராக் கேட்டதுதான். அவனிட்ட சொல்லல்ல. சொல்லியிருந்தா என்னோட கதைச்சிருப்பானா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் அப்போதும் மீன் லொறிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இடது கால் அன்றைக்கு ஒரு பிழையும் விடவில்லை. மண்மேட்டைக் கண்டதும் மாமாவுக்குப் பயம் வந்தது. வலது காலை எடுத்தார்.