நாற்பத்தொரு பேர் கேட்ட இதயம்

வகுப்பில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற நாற்பத்தொரு பேருக்கும் பத்தொன்பது, இருபது வயது. இவளுக்கு முப்பத்திரண்டு. கல்யாணமாகி ஏழு வயதில் ஒரு மகளும் இருந்தாள். நர்ஸிங் படிக்க வருவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். படுக்கை விரிப்பது, பெட்பேன் வைப்பது, எடுப்பது, சக்கரம் வைத்த ஸ்கிரீனைக் கட்டிலுக்குக் கட்டில் இழுத்துக்கொண்டு ஓடுவது, இதுதான் வேலை. வலியில் துடிக்கிற ஆள்கூட ஊசி போடும் முன்னால் அந்த ஸ்கிரீன் எங்கே என்றுதான் கண்ணால் தேடுவார் என்பதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிறவன் என்பதால், வாழ்க்கையில் மேலே போவது ஒரு பித்தானை அழுத்துகிற சமாச்சாரம் என்று நினைப்பவன். "இத்தனை வருஷம் நர்ஸுங்களுக்கு எடுத்துக் கொடுத்தே, நீயே நர்ஸாயிடேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. பழைய சான்றிதழ்களைத் தூசி தட்டி எடுத்தாள்.

கல்லூரிக் கட்டடம் ஒரு காலத்தில் சோபா, கட்டில் விற்கிற கடையாக இருந்தது. கீழ்த்தளம்தான் பயிற்சிக்கூடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் ஆள் உயரத்துக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். மறைப்புக்கு அது போதும் என்று கல்லூரி முடிவு செய்திருந்தது. ஆனால் எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருப்பார்கள் என்பது செய்தித்தாள் ஒட்டியவருக்குத் தோன்றவில்லை.

உள்ளே ஐந்து கட்டில். ஸ்கிரீன் கிடையாது. கிடையாது என்று அடியோடு சொல்லிவிடவும் முடியாது, ஒன்றே ஒன்று இருந்தது. அது மகாராணிக்கு. மகாராணி என்பது கல்லூரியின் ரப்பர் பொம்மைக்கு மாணவிகள் வைத்த பெயர். அமுக்கினால் இருமும், முறுக்கினால் நாடி துடிக்கும். கை பட்டால் கெட்டுவிடும், வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று அதைப் பின்னறையில் பூட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, சுற்றி ஸ்கிரீனும் நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் மாணவர்கள் யாரைத் தொட்டுப் பரிசோதனை பழகுவது? ஒருவரையொருவர்தான்.

பாடப்புத்தகத்தின் மூன்றாவது பாடம் நோயாளியின் அந்தரங்கம். அதைக் காக்கப் பத்து வழிகள். முதலில் சம்மதம் கேட்க வேண்டும், திரையை மூட வேண்டும், பார்க்கிற இடத்தை மட்டும் விலக்க வேண்டும், கண்டதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று வரிசையாகப் போகும். டியூட்டர் அதை நிறுத்தி நிதானமாக வாசிக்க, எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார்கள். முதல் டெஸ்டில் அந்தக் கேள்விக்குப் பெரியக்கா பத்துக்குப் பத்து வாங்கினாள். அடுத்த திங்கட்கிழமை பிராக்டிகல் ஆரம்பித்தது. பத்து வழிகளும் நோட்டிலேயே தங்கிவிட்டன.

"நர்ஸுன்னா வெட்கம் இருக்கக் கூடாது" என்றார் டியூட்டர். "நீங்களே வெட்கப்பட்டா, நாளைக்கு பேஷன்ட் எப்படி உங்க முன்னாடி வெட்கப்படாம இருப்பாங்க?"

இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பெரியக்கா இரண்டு நாள் யோசித்தாள். பதினைந்து வருஷமாகப் பாடம் எடுக்கிற டியூட்டர் ஒருநாள்கூட அந்தக் கட்டிலில் படுத்ததில்லை என்பது மட்டும் விசாரித்ததில் தெரிந்தது.

எடை பார்ப்பார்கள், பார்த்ததை உரக்கச் சொல்லிப் பலகையில் எழுதுவார்கள். சட்டையைத் தளர்த்த வேண்டிய பரிசோதனை என்றால் வகுப்பில் இருந்த நாலு ஆண் மாணவர்களைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார்கள். அந்தச் சுவரில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டியிருந்தது. பாவம், அந்த நாலு பேரும் தரையைப் பார்த்தே அந்த வருஷத்தை ஓட்டினார்கள். ஒல்லி என்று ஒரு பெண், பேருக்கு ஏற்ற உடம்பு, பிராக்டிகல் நாள் வந்தாலே வயிற்றுவலி என்று ஒதுங்கி நிற்பாள். மூன்றாவது தடவை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது டியூட்டர் முகம் மலர்ந்து, "நல்லதாப் போச்சு, இன்னைக்கு வயிறுதான், நீயே படு" என்றார்.

இதயப் பரிசோதனை அன்று மாதிரி நோயாளியாகப் பெரியக்காவைப் படுக்கச் சொன்னார்கள். பிள்ளை பெற்றவள், அவளுக்கென்ன கூச்சம் என்று ஒரு காரணமும் சொன்னார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். டியூட்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், நகர்த்தினார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். குலுக்கலில் தன் நம்பரைப் படித்தவர் மாதிரி அவர் முகம் மாறியது.

"முர்மர்" என்றார். இரத்தம் வால்வைத் தாண்டும்போது உஸ்ஸென்று கூடுதலாக ஒரு சத்தம் வரும், அதற்குத்தான் அந்தப் பேர், இருபது பேரைப் பார்த்தாலும் ஒருத்தரிடம் கிடைக்காது என்று விளக்கிவிட்டு, எல்லாரையும் வரிசையில் வரச் சொன்னார்.

பெரியக்கா தலையைத் தூக்கினாள். "மேடம், அது ஆபத்தா?" என்று கேட்டாள்.

"பேசாதே. சத்தம் சரியாக் கேக்காது."

நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். நாற்பத்தொரு வட்டத் தகடுகள், எல்லாமே சில்லென்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள் உண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. ஒருத்தி தனக்கு எதுவும் கேட்கவில்லையென்று இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றாள். ஆண் மாணவர்களையும் கூப்பிட்டு, படிப்புக்காக என்று சொல்லிச் சுவரிலிருந்து திருப்பினார் டியூட்டர். நாலு பேரும் கழுத்தைத் திருகிக் கூரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டுப் போனார்கள். பெரியக்கா செய்தித்தாளுக்கு மேலே தெரிந்த பஸ் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு கிடந்தாள். கடைசியாக ஒல்லி வந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைக்கவே இல்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "சாரிக்கா" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தாள். டியூட்டர் பெரியக்காவின் ரோல் நம்பரைப் பலகையில் எழுதி, பக்கத்தில் கண்டுபிடிப்பையும் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

சாயங்காலம் அவள் பஸ் இறங்கும் முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. நாத்தனாரின் பக்கத்து வீட்டுப் பெண் அதே வகுப்பு. மாமியார் வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டார். எட்டு வருஷத்தில் அவர் அந்தப் பையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இதயத்துல ஓட்டையாமே. எங்ககிட்ட ஏம்மா மறைச்சே?"

"எனக்கே காலையில பதினோரு மணிக்குத்தான் தெரியும் அத்தை."

மாமியார் நம்பவில்லை. ஊரெல்லாம் தெரிந்த விஷயம் உடம்புக்காரிக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஓட்டையின் அளவை விசாரித்தார். அதற்கடுத்த நாள் கல்லூரி வாட்ச்மேன் அவளைப் பார்த்து, இந்த நிலைமையில் மாடிப்படி ஏற வேண்டாமே என்றார். புருஷன் மட்டும், தான் லிஃப்ட் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்க நாள் குறித்துக்கொண்டு வந்தான். அன்று மகள் மெத்தையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நானும் கேக்கட்டுமா?" என்றாள். பெரியக்கா தலையாட்டினாள். குழந்தை காதை வைத்துக் கேட்டுவிட்டு, டப்டப் என்றுதான் இருக்கிறது என்று சொன்னாள். அந்த வாரத்தில் அனுமதி கேட்டுவிட்டுக் காது வைத்தது அவள் ஒருத்திதான். பெரியக்கா அன்று கொஞ்ச நேரம் அழுதாள்.

எக்கோவில் ஒன்றுமில்லை. பிறவியிலேயே இருக்கிற சின்னச் சத்தம், நூறு வயது வரைக்கும் கூடவே வரும், தொந்தரவு செய்யாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை டியூட்டரிடம் காட்டியபோது அவர் அதைப் படித்து, "அப்படியா" என்றார். குரலில் லேசான ஏமாற்றம். பிறகு, ஒன்றுமில்லை என்றால் நல்லதுதான், வியாழக்கிழமை சீனியர்களும் கேட்க வேண்டும், கொஞ்சம் வந்து படு என்றார்.

"வரமாட்டேன் மேடம்" என்றாள் பெரியக்கா. விவகாரம் பிரின்ஸ்பாலிடம் போனது.

பிரின்ஸ்பால் அறையில், நோயாளியின் மானமே நம் மானம் என்று தங்க எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து அவர் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். எல்லாப் பயிற்சிகளுக்கும் முழு ஒத்துழைப்பு தருவேன் என்ற வரியின் கீழே பெரியக்காவின் கையெழுத்து இருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கேட்டுட்டு இருக்க முடியுமா?"

"மூணாவது பாடத்துல அப்படித்தான் மேடம் இருக்கு."

"அது பேஷன்டுக்கு. நீ ஸ்டூடன்ட்."

நோயாளிக்கு மானம் உண்டு, அவரைக் கவனிக்கப் படிக்கிறவளுக்குப் படிப்பு முடிந்த பிறகுதான் வரும் என்று அன்று தீர்ப்பானது. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். வீட்டில் மகள், வேலையை விட்டாயிற்று, பாதி வருஷம் தாண்டியாயிற்று. அவள் யோசித்து, "வெட்கப்பட்டதற்கு வருந்துகிறேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். பிரின்ஸ்பால் திருப்தியாக வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அந்த வரியை இரண்டாம் முறை படிக்க அவருக்கு நேரமில்லை. வியாழக்கிழமைக்கு வேறொருத்தியைப் படுக்கவைத்தார்கள். அவளிடம் முர்மர் இல்லாததால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

வருஷக் கடைசியில் பிராக்டிகல் தேர்வு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தேர்வாளராக ஒரு மூத்த நர்ஸ் அம்மா வந்திருந்தார். அதிகம் பேசாதவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். ஒரு மாணவி நோயாளியாகப் படுக்க வேண்டும், இன்னொருத்தி பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொருத்தியும் வந்து கை கழுவி, "உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்டுக்கொண்டே துணியை விலக்கினாள். படுத்திருந்தவளும் வருகைப் பதிவுக்குச் சொல்கிற மாதிரி "சம்மதம்" என்றாள். சுற்றி ஒரு டஜன் பேர் நின்றார்கள்.

பெரியக்காவின் முறை வந்தபோது கட்டிலில் ஒல்லி படுத்திருந்தாள். வயிற்றுப் பரிசோதனை. பெரியக்கா கை கழுவித் தன் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பது ஆயா உத்தியோகத்தில் பழகிய வழக்கம்.

ஒல்லி முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "இல்லக்கா" என்றாள்.

டியூட்டர் முன்னால் வந்து, சரியென்று சொல்லித் தொலை என்கிற அர்த்தத்தில் பல்லுக்குள்ளே ஏதோ சொன்னார். தேர்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "பேஷன்ட் வேண்டாங்கறாங்க. இப்ப என்ன செய்வீங்க?" என்று பெரியக்காவைக் கேட்டார்.

"ஏன்னு கேப்பேன் மேடம்" என்று சொல்லி ஒல்லியிடம் குனிந்து கேட்டாள். இத்தனை பேர் நிற்கிறார்கள், பஸ்ஸிலிருந்து தெரியும், மறைப்பு இல்லை என்றாள் ஒல்லி. மறைத்துவிட்டு, நீங்களும் தேர்வாளரும் மட்டும் என்றால் சரி என்றாள்.

"அப்போ ஒரு ஸ்கிரீன் வேணும் மேடம்."

தேர்வாளர் டியூட்டரைப் பார்த்தார். டியூட்டர் சாவியைத் தேடினார், கிடைக்காது என்று நம்பித் தேடினார், கிடைத்துவிட்டது. பின்னறைக் கதவு திறந்தபோது தேர்வாளரும் கூடவே போய்விட்டார். அங்கே பிளாஸ்டிக்கும் வெள்ளைத் துணியும் ஸ்கிரீனும் சூழ மகாராணி பள்ளிகொண்டிருந்தாள். எதற்கு இத்தனை மறைப்பு என்று தேர்வாளர் கேட்டார். வெயில் பட்டால் ரப்பர் வெடித்துவிடும் என்றார் டியூட்டர். தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

ஸ்கிரீன் வந்தது, கூட்டம் விலகியது, பரிசோதனையும் நடந்தது. ஆனால் இவ்வளவு கூத்தில் நேரம் போய்விட்டதால் பெரியக்காவால் கல்லீரலைத் தட்டிப் பார்த்து முடிக்க முடியவில்லை. ஐம்பதுக்கு முப்பத்தெட்டுதான் கிடைத்தது. அவளுக்கு அடுத்து வந்த ஏழு நோயாளிகளும் வரிசையாகச் சம்மதம் இல்லை என்றார்கள். ஸ்கிரீன் அன்று முழுக்க ஓய்வில்லாமல் ஓடியது.

தேர்வாளரின் அறிக்கை எங்கே போனது, யார் படித்தார் என்று தெரியாது. அடுத்த வருஷம் ஐந்து கட்டிலுக்கும் சிவப்புத் திரை வந்தது. திரையில் கல்லூரியின் பெயர் கட்டிலைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. இது பல வருஷமாகத் தன் மனதில் இருந்த திட்டம் என்று ஆண்டு விழாவில் பிரின்ஸ்பால் உருக்கமாகப் பேசினார். சம்மதப் படிவமும் வந்தது, நாலு பக்கம். விருப்பமில்லாதவர் மறுக்கலாம் என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. முதல் நாளே அதைக் கட்டுக் கட்டாகக் கொடுத்து, "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, பெல் அடிக்கப் போகுது" என்றார் டியூட்டர். படித்துப் பார்க்க வேண்டும் என்றவர்களிடம் கோபித்துக்கொண்டார்.

பெரியக்கா இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். மாமியார் இன்றைக்கும் அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடுவதில்லை. எக்கோ காகிதத்தை எத்தனை முறை காட்டியும், கண்டவன் எழுதிக் கொடுத்ததை நம்ப முடியுமா என்பார்.

போன மாதம் பெரிய சர்ஜன் ஒருவர் பதினாலு மாணவர்களோடு ரவுண்ட்ஸ் வந்து, ஒரு முதியவரின் போர்வையை முழங்கால்வரை உருவினார். முதியவர் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியக்கா ஒரு நிமிஷம் என்று குறுக்கே புகுந்து, போர்வையை மறுபடி போர்த்திவிட்டு, இவர்கள் பார்க்கலாமா என்று முதியவரிடம் கேட்டாள். தனக்கு நேரமில்லை என்றார் சர்ஜன்.

முதியவர் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், நிதானமாக. "பசங்க பாக்கட்டும்மா, படிக்கிற புள்ளைங்க" என்றார். "இவரு மட்டும், யாரு என்னன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும்."

சர்ஜனுக்குத் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு பல வருஷம் ஆகியிருக்கும் போல. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். பின்னால் நின்ற பதினாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். முதியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கு ரவுண்ட்ஸ் எட்டு நிமிஷம் தாமதம். மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஏழாம் கட்டிலுக்கு ஊசி போடப் போனாள்.