காயத்தில் வைத்த நூலாம்படை

மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது, உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஏதோ ரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. நூலாம்படை. கல்வராயன் மலையிலிருந்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்ட வந்திருந்த அக்காளும் தங்கையும் அவர்கள். தங்கையின் இடது கையில் கத்தி பாய்ந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை என்று அக்காள்தான் மோட்டார் கொட்டகைச் சுவரிலிருந்து சிலந்தி வலையை வழித்து வைத்துக் கட்டி, கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள்.

அப்போது நான் அவசரப் பிரிவில் நர்ஸ். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வந்த கோபத்தில், "குப்பைய வெச்சி அடச்சினு வந்துகீற. இந்தக் கை போச்சின்னா அது உன்னாலதான்" என்றேன். அக்காள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மிச்ச நூலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சீழ் பிடிக்காமல் காயம் ஆறியது. ஆனால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி திரும்பவில்லை. சில மாதம் கழித்து, நான் அறுவைப் பிரிவுக்கு மாறியிருந்தபோது, அறுவை மருத்துவர் பார்த்துவிட்டு, அறுந்த நரம்பின் முனைகள் விலகியிருக்கின்றன, காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து நடுவில் வைக்க வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்காள் புடவையை முழங்கால்வரை ஏற்றிக் காலை நீட்டினாள்.

"என் கால்ல எடுத்துக்குங்க டாக்டர். நூலாம்படைய வெச்சி நரம்ப அரிக்க வுட்டது நான்தான்."

நான் சொன்னதை அத்தனை மாதமும் அவள் சுமந்துகொண்டிருந்தாள்.

மருத்துவர் அவளை உட்காரவைத்துப் பேசினார். நரம்பு தங்கையின் உடம்பிலிருந்தே வர வேண்டும். சிலந்தி நூல் நரம்பை அரிக்காது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் சுத்தம் செய்த சிலந்தி நூலை அறுந்த நரம்புகளுக்கு நடுவே வைத்து விலங்குகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களாம். கயிற்றைப் பிடித்து அவரைக்கொடி ஏறுவதுபோல நரம்பு அதைப் பிடித்து வளர்கிறதாம். ஆனால் சுவரில் இருப்பதில் அழுக்கும் கிருமியும் உண்டு, இனி யாருக்கும் வைக்காதே, சுத்தமான துணியால் அழுத்திப் பிடி என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கண் மட்டும் என்மேலேயே இருந்தது.

"கத்திதான் நரம்ப வெட்டிச்சி. நீ ஒண்ணும் கெடுக்கல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

ஏற்றியிருந்த புடவையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தங்கை வலது கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இப்போது சிலந்தி நூலைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த நூல் எங்கள் அறுவை அறைக்கு இன்னும் வரவில்லை. காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்தவரை யாராவது அதட்டினால் மட்டும் நான் நடுவில் போய் நின்றுவிடுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் கழித்து அவர்கள் கடைசியாக வந்தார்கள். மருத்துவர் தங்கையைக் கண்ணை மூடச் சொல்லி, சுட்டுவிரலைப் பஞ்சால் தொட்டார். கொஞ்சம் யோசித்து, பஞ்சு என்றாள். கட்டைவிரலில் இன்னும் தெரியவில்லை. அவர் குறித்துக்கொண்டிருந்தபோது, அக்காள் யாரையும் கேட்காமல் தன் விரலை நீட்டி, சுட்டுவிரலில் பஞ்சு பட்ட அதே இடத்தில் வைத்தாள்.

தங்கை கண்ணைத் திறக்கவில்லை.

"இது அக்கா வெரலு" என்றாள். "சொரசொரன்னு கீது."