நெத்தலி வலை கட்டிய ஹைபிரிட்

சாய்ந்தமருது மீன் சந்தைக்கு முன்னால் நான் விழுந்ததை ஊரே பார்த்தது. அபாயாவின் ஓரம் செயினுக்குள் சிக்கி, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "மிட்வைப் மிஸ் விழுந்திட்டா!" என்று மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் போட்ட சத்தத்தில், பார்க்காமல் போயிருக்கக்கூடிய நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. வலியைவிடக் கோபம்தான் அதிகம்.

பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம் அது. என் ஸ்கூட்டி வீட்டில் சும்மா கிடந்தது. கட்டாரில் இருந்து வந்த தம்பி, "ராத்தா, இது ஹைபிரிட். தார் ரோட்டிலயும் ஓடும், மண் ரோட்டிலயும் ஓடும்" என்று ஒரு சைக்கிளை வாங்கித் தந்தான். நடுக்கம்பி தாழ்ந்த பெண்கள் மாடல். நல்ல சாமான்தான். ஆனால் சீட் உள்ளங்கை அகலம். ஹேண்டில் தாழ்வு, குனிந்துதான் பிடிக்க வேண்டும். செயினுக்கு மூடி இல்லை, பின்னால் கெரியரும் இல்லை. அபாயா உடுத்து, தராசும் பிரஷர் மெஷினும் சுமந்து போகிற ஐம்பது வயது மருத்துவமாதை அதைச் செய்தவன் கண்ணால் கண்டிருக்க மாட்டான்.

என் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் எங்கள் சுகாதாரக் கந்தோரில், அந்த அலுவலகத்தின் பொறுப்பான டொக்டர் சொன்னார்: "மிஸ், பெற்றோல் வரும் வரைக்கும் வீடுகளுக்குப் போறத்த நிப்பாட்டுங்க. தாய்மார கிளினிக்குக்கு வரச் சொல்லுவம்."

"நடந்து வர ஏலாத தாய்மார என்ன செய்யிற சேர்?"

நான் நினைத்தது ரிஸ்னாவை. தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். சுனாமியில் கடல் அடித்த பிறகு வயலோரம் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டத்தில் உம்மா வாப்பாவோடு இருந்தாள். கடைசியாகக் கிளினிக்குக்கு வந்தபோது பிரஷர் எல்லையில் நின்றது, கணுக்காலும் வீங்கியிருந்தது. அந்தப் பிள்ளையை அப்படியே விட எனக்குப் பயமாக இருந்தது. எப்படியும் போவது என்று முடிவெடுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு கல்முனைக்கு நடந்தேன்.

ஜௌபர் காக்காவின் கடை

"இது ஹைபிரிட் மிஸ். கெரியர் பூட்டினா இதுட வடிவெல்லாம் போயிரும்" என்றார் சைக்கிள் கடை ஜௌபர் காக்கா. அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

"வடிவு போனா போகட்டும் காக்கா. தராச நான் தலையிலயா வெச்சிட்டுப் போற?"

சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். ஹேண்டில் தண்டை உயர்த்தி, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றின் வளைந்த ஹேண்டிலைப் பூட்டினார். முதுகு நிமிர்ந்தது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் போட்டு, நிற்கும்போது கால் நிலத்தில் ஊன்றும் உயரத்துக்கு இறக்கினார். மட்காட் வந்தது, கெரியர் வந்தது, அதன் மேல் மூடியுள்ள பெட்டியும் வந்தது. செயின் மூடிதான் ஒத்துவரவில்லை. பெடல் பக்கம் மூன்று பல்சக்கரங்கள் இருந்ததால் மூடி இடித்தது.

"நம்மட ஊர்ல மலை எங்க காக்கா இரிக்கி? நடுவால உள்ளத மட்டும் வெச்சிட்டு மத்த ரெண்டையும் கழட்டுங்க."

கழற்றினார். மூடி பொருந்தியது. பின் சக்கரத்துக் கியர்களை மட்டும் நான் தொட விடவில்லை. வயல் பக்கம் திரும்பினால் மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அறையும். அந்த நேரத்தில் லேசான கியர் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளுவதுதான் வழி.

எல்லாம் முடித்து ஏறினால், அபாயா இப்போது பின் சக்கரக் கம்பிகளுக்குள் போனது. ஜௌபர் காக்கா கையை விரித்துவிட்டார்.

ஆதம்பாவா காக்கா கட்டிய வலை

சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்த வழியில், ரிஸ்னாவின் வாப்பா ஆதம்பாவா காக்கா கடற்கரையில் இருந்தார். எண்ணெய் இல்லாமல் தோணி கரையில் கிடக்க, அவர் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. சக்கரத்துக்குக் கட்ட ஒரு துண்டு வலை கேட்டேன்.

"வலை மீனுக்குத்தானே மிஸ்?"

"இந்த அபாயாவுக்கும் ஒண்டு கட்டுங்க காக்கா."

பெரிய மீன் பிடிக்கும் தடித்த வலையில் ஒரு துண்டை மட்காட்டில் இருந்து அச்சு வரைக்கும் இழுத்துக் கட்டினார். பலமான கட்டுத்தான். ஆனால் கண் பெரிது. கொஞ்ச தூரம் போவதற்குள் அபாயா நுனி அந்தக் கண்ணுக்குள் புகுந்துவிட்டது. கால் ஊன்றியதால் விழவில்லை. திரும்பி வந்து காட்டினேன். பெருமீன் வலைதான் நல்ல வலை என்று நினைத்தவர், தலையைச் சொறிந்தார். பிறகு பழைய நெத்தலி வலை ஒன்றை அறுத்து, இரண்டு பக்கமும் விறைப்பாகக் கட்டத் தொடங்கினார்.

"இதுக்குள்ள நெத்தலியே போகாது, உங்கட உடுப்பா போகப்போகுது?"

"மகள் எப்பிடி?" என்று கேட்டேன்.

"புள்ள நல்ல சுகம் மிஸ். ரெண்டு நாளா தலையிடி மட்டும் இரிக்காம். வெயிலுக்காக்கும்."

பிரஷர் எல்லையில் நிற்கிற தாய்க்குத் தலையிடி வந்தால் வெயில் என்று விடக் கூடாது. கடைசி முடிச்சைப் போட்டதும் ஏறிவிட்டேன். மிச்ச நூலை அறுக்கவும் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. வயல் ரோட்டில் கச்சான் எதிரே நின்று தள்ளியது. கியரைக் குறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். அபாயா படபடத்தது, ஆனால் எங்கும் சிக்கவில்லை. ஒரு தடவைகூட இறங்காமல் போய்ச் சேர்ந்தேன்.

ரிஸ்னாவின் பிரஷர் மிக அதிகம். இரண்டாம் தடவையும் அளந்தேன், அதே கணக்கு. அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அன்றே ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். எடை குறைந்த பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். அன்று வீட்டுக்கு வந்து நான் சத்தமாக அழுதேன்.

பிள்ளையின் எடை பார்க்கப் போன நாளில், ஆதம்பாவா காக்கா வாசலில் நின்று, "நான் சுகம் எண்டுதானே மிஸ் சொன்னன்" என்றார். தராசை அவரே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் நான் சைக்கிளை விடவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் வலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த வாகனமானாலும், உங்கள் உடம்புக்கும் உடுப்புக்கும் வேலைக்கும் தகுந்த மாதிரி முதலே திருத்தி வையுங்கள். வீட்டார் சுகம் என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் போய் அளந்து பாருங்கள். பிரஷர் அவ்வளவு ஏறியிருந்த அன்றுகூட, நான் மூச்சு வாங்க வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, ரிஸ்னா சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். "வாங்க மிஸ், தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று கேட்டாள்.