வகுப்பெடுக்க வந்தவர்

என் தங்கச்சியின் முழங்காலை உடைத்த மனிதர்தான் எங்களுக்கு வீதிப் பாதுகாப்பு வகுப்பெடுக்க வந்தார்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். பாலையூற்றுப் பக்கம் கர்ப்பிணிகளைப் பார்க்க ஸ்கூட்டியில்தான் போய்வருவேன். மோட்டார் சைக்கிள் ஓடும் பெண் உத்தியோகத்தர்கள் எல்லாரும் அந்த வகுப்புக்குக் கட்டாயம் வரவேணும் என்று அறிவித்திருந்தார்கள். ஏதோ திட்டத்தில் வந்த காசு, வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுமாம். பனர், மாலை, சிற்றுண்டி எல்லாம் இருந்தன. ஓடிக் காட்ட ஒரு மோட்டார் சைக்கிள்தான் இல்லை.

வகுப்பெடுக்க வந்தவர் டவுனில் சாரதிப் பயிற்சிப் பாடசாலை நடத்துபவர். முந்தின வருஷம் தம்பலகாமத்தில் ஒரு ட்ரக்டரை முந்தப் போய், பிழையான பக்கத்தால் வந்து, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த தங்கச்சியைத் தன் வானால் அடித்தார். அவளிடம் அப்போது பழகுவதற்கான தற்காலிக அனுமதிப்பத்திரம் மட்டும்தான் இருந்தது. பழகுபவர் என்று காட்டும் 'எல்' பலகையும் வண்டியில் இல்லை. பொலிஸில் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம்கூட அவர் எட்டிப்பார்க்கவில்லை.

வகுப்பில் அவர் சொன்னார்: "லைசென்ஸ் இல்லாமல் ரோட்டுக்கு வந்தால் இப்படித்தான். தம்பலகாமத்தில ஒரு பிள்ளை தானாக வந்து என்ர வானுக்கு முன்னால விழுந்தது."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் எழும்பினேன்.

"அது என்ர தங்கச்சி. நீங்கள் எந்தப் பக்கத்தால வந்தனீங்கள் எண்டதையும் சொல்லுங்கோ."

"மிஸ், வீட்டுக் கதையை வீட்டில வையுங்கோ. அவவிட்ட லைசென்ஸ் இருந்ததா, இல்லையா?"

"இல்லை. உங்களிட்ட இருந்தது. இருந்தும் பிழையான பக்கத்தாலதானே வந்தனீங்கள்?"

ஏற்பாட்டாளர் ஓடிவந்து, தேத்தண்ணி குடிப்பம் என்றார். அதன்பிறகு என் பக்கத்துக் கதிரைக்கு ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர் கையால் வாங்க ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

"தலையடிபட்டால் எங்களைக் குறை சொல்லாதீங்கோ," என்றார், எல்லாருக்கும் கேட்க.

தங்கச்சி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் வீட்டில் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர் உன்னைக் கேட்டது? லைசென்ஸ் இல்லாமல் ஓடினவள் உன்ர தங்கச்சிதான் எண்டு கூட்டத்துக்கே சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய்."

"உனக்காகத்தான் கதைச்சனான்."

"உன்ர கோவத்துக்காகக் கதைச்சனீ. நாளைக்கு நான் லைசென்ஸ் எடுக்க ட்ரையலுக்குப் போனால், அந்தாள் தன்ர ஆக்களோட அங்க நிப்பான்."

ட்ரையலுக்கு நானும் கூடப் போனேன். அவள் சொன்னபடியே அவர் அங்கே நின்றார். தன் மாணவர்களுக்கு அவளைக் கைகாட்டி ஏதோ சொன்னார். எட்டுப் போடும்போது அவள் காலை ஊன்றிவிட்டாள்; பெயில். அடுத்த முறை என்னை வரவேண்டாம் என்று சொல்லித் தனியாகப் போனாள். அவள் பாஸான செய்தியை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி.