ஆறு பீஸ் பாவாடையும் தலைகீழ் மயில்களும்

ஜவுளிக்கடை அண்ணாச்சி, நாங்கள் தைத்துக் கொண்டுபோன பாவாடைகளில் ஒன்றை மேசைமேல் விரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, இந்த மயிலு நேரா நிக்குது, சரி. பக்கத்துல உள்ளது ஏன் தலைகீழாத் தொங்குது? அது என்ன வௌவாலா?"

நானும் என் வகுப்புத் தோழி ஜோதியும் குனிந்து பார்த்தோம். கடைப் பையன்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

இப்போது ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில், துணி வெட்டும் வடிவங்களை வரையும் பேட்டர்ன் பிரிவுக்குத் தலைமை வகிக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள், "மேடம், நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மயில்தான் முதலில் ஞாபகம் வரும்.

1. கணக்கு மேஜர், துணி மைனர்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். அந்த வருடம்தான் பட்டத்தோடு சேர்த்துப் படிக்க ஃபேஷன் டிசைனை மைனராகக் கொண்டுவந்தார்கள். வகுப்பு, இயற்பியல் லேபின் பழைய ஸ்டோர் ரூமில். தையல் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே உடைந்த தராசுகளும் இருக்கும்.

அப்பா சேரன்மகாதேவியில் கணக்கு வாத்தியார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மைனரா? நம்ம பக்கம் மைனர்னா செண்டப் பூசிக்கிட்டுத் தெருவ அளக்குதவனல்லா சொல்லுவாவ!"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "படி, வேண்டாங்கல. ஆனா ஒரு கடையிலயாவது ஒன்னய நம்பி வேல குடுக்கணும். இல்லன்னா அடுத்த வருசம் இத விட்டுட்டுக் கணக்க மட்டும் பாரு" என்றார்.

கல்லூரியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. ஏதாவது ஒரு கடையில் பயிற்சி எடுத்தால்தான் மைனருக்குச் சான்றிதழ். நானும் ஜோதியும் டவுண் ரத வீதிகளில் ஏறாத கடையில்லை. "காலேஜ் புள்ளைகளுக்கு இங்கன என்ன சோலி?" என்றே எல்லோரும் அனுப்பினார்கள். கடைசியில் எங்கள் வசந்தா மிஸ் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் பேசினார். தீபாவளிக்கு ரெடிமேட் பாவாடை விற்றுப் பார்க்கும் யோசனை அவருக்கு இருந்தது. மயில் அச்சுப் போட்ட ஒரு துணிக்கட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

"பத்து வயசுப் புள்ளைகளுக்குத் தைச்சுக் கொண்டாங்க. நல்லாருந்தா பயிற்சிக்கு வாங்க."

2. கெட்டிக்காரத்தனம்

வகுப்பில் நாங்கள் பழகியதெல்லாம் வெள்ளை பாப்ளின் துணியில் ஆறு பீஸ் உள்பாவாடை. ஒவ்வொரு பீஸும் இடுப்பில் குறுகி, அடியில் அகலும். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி அடுக்கினால் துணி வீணாகாது. கணக்குப் படித்தவளுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. தாளில் வரைந்து, எப்படி அடுக்கினால் எவ்வளவு மிச்சம் என்று போட்டுப் பார்த்து, அப்படியே மயில் துணியையும் வெட்டினோம். நிறைய மிச்சம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளைத் துணிக்குத் தலை ஏது, கால் ஏது? மயிலுக்கு உண்டு. ஒவ்வொரு பாவாடையிலும் மூன்று பீஸில் மயில் நின்றது, மூன்று பீஸில் தொங்கியது. தைக்கும்போதாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா? தையல் நேராக வருகிறதா என்பதிலேயே இருந்தோம்.

3. அக்காளும் தங்கச்சியும்

"ரெண்டு நாளு டைம் குடுங்க அண்ணாச்சி" என்று ஜோதிதான் கேட்டாள். டவுண் பஸ்ஸில், "எல்லாம் போச்சுட்டி" என்று நான் அழுதேன்.

"சும்மா கெட. எங்க வீட்டுல தீவாளிக்கு ஒரே துணியில அக்கா தங்கச்சி நாலு பேருக்கும் எடுப்பாவ. எனக்குத் தைச்சது போக மிச்சந்தான் கடைக்குட்டிக்கு. அவளுக்கு எப்பவும் சுருக்குப் பாவாடதான்" என்றாள் அவள்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் பிரித்தோம். நேர் மயில் பீஸ்களை மட்டும் சேர்த்ததில், இரண்டு பாவாடைக்கு ஒரு நல்ல பாவாடை கிடைத்தது. தொங்கிய பீஸ்களைத் திருப்பினால் மயில் நிற்கும், ஆனால் அகலம் மேலே வந்துவிடும். இரு பக்கச் சாய்வையும் நறுக்கி, நீளத்தைக் குறைத்து, இடுப்பில் சுருக்கு வைத்தோம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாவாடை ஆயிற்று. நான் பீற்றிக்கொண்ட மிச்சத் துணி, பெரியவளுக்கும் சின்னவளுக்கும் உப்பிய புஃப் கை வைத்த சட்டையாயிற்று.

அக்காள், தங்கை என்று ஜோடி ஜோடியாக மேசைமேல் வைத்தோம். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தூக்கி மயிலைப் பார்த்தார்.

"ஜோடியா மாட்டுலே" என்றார் கடைப் பையனிடம். எங்களிடம், "நாளைக்கு வந்திருங்க தாயி."

தீபாவளிக் கூட்டத்தில் அப்பா கடைக்கு வந்தார். அவர் கண்ணெதிரேயே இரண்டு சிறுமிகள் எங்கள் பாவாடையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் சுற்றினார்கள். அப்பா அண்ணாச்சியிடம் பைய விசாரித்தார்.

"எங்க புள்ள கணக்கெல்லாம் சரியாப் போடுதாளா?"

"கணக்கு சரியாத்தான் சார் போட்டா. மயிலத்தான் ஒரு வார்த்த கேக்காம விட்டுட்டா. இனிமே கேப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப அடுத்த வருசமும் படி" என்றார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை அதன்பின் எந்தப் பதவி உயர்விலும் படவில்லை.

இப்போது பீஸ்களை அடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "மேடம், எவ்வளவு துணி மிச்சம் பாருங்க!" என்று திரையைக் காட்டினாள். பெருமை பொங்கும் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கு சரிதான் என்று முதலில் பாராட்டினேன்.

"இப்ப துணிய விரிம்மா. மயிலையும் ஒரு வார்த்த கேட்டுருவோம்."