பத்மா மேடத்தின் கம்பிக் கூடை

செய்தி வந்தபோது தி. நகர் புடவைக் கடையில் பில் போட நின்றுகொண்டிருந்தேன். "பத்மா மேடம் போயிட்டாங்க" என்றார்கள் கல்லூரியிலிருந்து. "எங்கே?" என்று கேட்டுத் தொலைத்தேன். பிறகுதான் உறைத்தது. புடவையை அங்கேயே போட்டுவிட்டு அபிராமபுரத்தில் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அடையாறில், மரமும் மானுமாக இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் வணிகவியல். பக்கத்து மேஜை. வளாகத்தில் எது செத்துக் கிடந்தாலும் போய்க் குனிந்து பார்ப்பார். நான் டிபன் டப்பாவைத் திறக்கும்போது சரியாக வந்து அதை வர்ணிப்பார். "மேடம், நான் சாப்பிடணுமா, வேண்டாமா?" என்று கத்துவேன். "நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்கோ, நான் சொல்லிண்டே இருக்கேன்" என்பார்.

ஒரு மார்கழியில், வளாகத்துப் புதருக்குள் ஒரு புள்ளிமான் சதையே இல்லாமல் வெறும் எலும்பாகக் கிடந்தது. செத்து ஒரு வாரமாவது இருக்கும், வாட்ச்மேன் ரவுண்டே போகவில்லை என்று விசாரணைக் குழு முடிவு கட்டியது. வாட்ச்மேன் ஆறுமுகத்தின் வேலை போகிற நிலை. எங்கள் அறை வாசலில் வந்து நின்று அழுதார்.

"டெய்லி போய்க்கினுதாம்மா இருந்தேன். முந்தாநேத்து பாத்தப்ப அங்க ஒண்ணுமே இல்ல. இன்னா சொன்னாலும் நம்ப மாட்றாங்க."

"ஒரு வாரம்னா புழு எங்கே போச்சு?" என்று பத்மா மேடம் குழுவிடம் கேட்டார். குளிர்காலத்தில் ஈ மொய்க்காது, புழு வைக்காது என்றார்கள். திரும்பி வந்து என்னிடம் பொரிந்து தள்ளினார். "மெட்ராஸ் மார்கழியை ஊட்டின்னு நெனச்சுண்டிருக்கா!"

சொன்னதோடு விடவில்லை. சதையோடு இரண்டு ஆட்டுக்கால் வேண்டும் என்றார். முட்டைகூட நுழையாத வீடு அவருடையது. நான்தான் கறிக்கடைக்குக் கூட்டிப்போனேன். கோயிலுக்குப் போய்விட்டு நேராக, நெற்றியில் குங்குமத்தோடு வந்தவர், "நல்ல இளசா பார்த்துக் குடுங்கோ" என்றார், வெண்டைக்காய் வாங்குவதுபோல. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மான் கிடந்த இடத்தில் ஒரு காலைத் திறந்தபடி வைத்தார். இன்னொன்றைக் கம்பிக் கூடையால் மூடி, மேலே கல்லை ஏற்றினார். மறுநாள் காலை திறந்திருந்ததில் வெறும் எலும்புதான் மிச்சம். சுற்றிலும் நாய், கீரிகளின் கால்தடம். கூடைக்குள் இருந்ததோ அப்படியே இருந்தது. சில நாள் கழித்து அதில் புழு நெளிந்தது. வெயில் காலத்தைவிடத் தாமதம்தான், ஆனால் வந்துவிட்டது.

குழுவை அங்கேயே வரவழைத்தார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். "குளிர் தள்ளிப் போடும், அவ்வளவுதான். நிறுத்தாது. புழுவே வைக்காம எலும்பு மட்டும் கெடக்குன்னா, அதுக்கு முன்னாடி வேற யாரோ வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கா" என்றார். ஆறுமுகத்தின் வேலை தப்பியது.

அதற்குப் பிறகு மேடம் தினமும் காலையில் கேட்டில் நின்று அவரைக் கேட்பார்: "இன்னிக்கு யாரெல்லாம் வந்தா?" ஆறுமுகமும் ரவுண்டில் பார்த்த நரி, கீரி, பருந்து என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். பேராசிரியர்கள் வந்ததை யார் கேட்டார்கள்!

அபிராமபுரம் வீட்டில் மேடத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். குளிர் தள்ளிப் போடும், அவ்வளவுதான். எனக்கு யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது.

ஆறுமுகம் யூனிபார்மோடு வந்தார். மாலையை வைத்துவிட்டுப் பெட்டியின் கண்ணாடி மூடி அருகே குனிந்தார். "மேடம், காலைல ரெண்டு கீரி வந்துச்சு. புதுசா ஒரு பருந்து வேப்பமரத்துல குந்திக்கினு கீது" என்றார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

கம்பிக் கூடை இப்போது என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று வணிகவியல்காரிக்கு என்ன தெரியும்? ஆனால் மறுநாள் காலை ஆறுமுகம் கேட்டில் அதே இடத்தில், சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

"இன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க, ஆறுமுகம்?"

முகமெல்லாம் மலர, சொல்ல ஆரம்பித்தார்.