ஓட்டு வரிசையில் ஒரு டிஃபெண்டர்

ஊரப்பாக்கம் பள்ளியில் ஓட்டுப் போட நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர் கேமரூனில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த தாடி, வலது முழங்காலில் பட்டை. அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டேன்.

“இல்ல சார், பழக்கம். சென்னை கிளப்புல பத்து வருஷம் ஃபுட்பால் டிஃபெண்டரு நான். பின்னாடி எவன் ஓடி வரான்னு பாத்துகினே இருக்கணும்.”

இந்திய அணிக்கு ஆட வேண்டும் என்பதற்காகவே சொந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டு இந்தியக் குடிமகன் ஆனாராம். அந்தக் காகிதம் கைக்கு வந்தபோது முழங்கால் போயிருந்தது. இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

“வருத்தமா இல்லையா?”

“அப்போ இருந்துச்சு. இப்போ இன்னா சார், பொண்டாட்டி, வூடு எல்லாம் இங்கதான கீது. இன்னிக்கு மொத ஓட்டு.”

வெளியே வந்ததும் பைக் பெட்டியிலிருந்து போனை எடுத்தார். மை வைத்த விரலைப் படம் பிடித்து, கேமரூனில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது.

“விரல்ல அடி பட்டுச்சான்னு கேக்குறாங்க சார்.”

பள்ளிச் சுவரோரம் நின்று நெடுநேரம் பதில் எழுதிக்கொண்டிருந்தார். என்னதான் எழுதினாரோ, முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவே இல்லை.